ஐந்து நொடி நின்ற ரியாக்டர்

நாலு லட்சம் வோல்ட் மின்சாரத்தை என் கையெழுத்தை நம்பி ஒப்படைத்த ஒரு நாள் உண்டு. அந்த நம்பிக்கை மொத்தம் பதினைந்து நொடி நீடித்தது. (ஒரே மூச்சில் இல்லை. தடவைக்கு ஐந்து நொடி வீதம் மூன்று தடவை. அத்தனை பேரும் கூடி நின்று வாய்விட்டு எண்ணியதால் கணக்கில் சந்தேகமே கிடையாது.)

நான் மின்துறையில் பொறியாளர். புதிதாக என்னிடம் வேலைக்கு வருகிற பிள்ளைகள், "மலர்விழி மேடம் ரொம்பப் பொறுமை" என்று வெளியே சொல்வதாகக் கேள்வி. இதை என் வீட்டில் சொன்னால் சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். அந்தப் பொறுமை எனக்குப் பிறவியில் வந்ததில்லை. குன்றாண்டார்கோவில் போகிற சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வருகிற ஒரு துணைமின் நிலையத்தில், ஒரு புதன்கிழமை காலையில், மானத்தைக் கொடுத்து வாங்கியது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் புதுக்கோட்டை டவுன் அலுவலகத்தில் கோப்புகளோடு உட்கார்ந்திருந்தேன். மின்சாரத்தைப் படித்துவிட்டு மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருப்பதுதான் என் வேலை. எனக்கு ரிலே பிரிவுக்குப் போக வேண்டும். ரிலே என்பது மின்கருவிகளுக்குக் காவல்காரன். ஏதாவது அளவு மீறினால் சட்டென்று மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அந்தக் காவல்காரனுக்கு "எதுவரைக்கும் பொறுக்கலாம், எப்போது துண்டிக்கலாம்" என்று எண்களில் சொல்லிவைப்பதற்குப் பெயர் செட்டிங். அதைச் செய்கிறவர்கள் எனக்குத் தெய்வமாகத் தெரிந்த காலம் அது.

மாதம் தவறாமல் எங்கள் செயற்பொறியாளர் சண்முகம் சாரிடம் போய் நின்றேன். அவர் அதிகம் பேச மாட்டார். ஒரு நாள் என் தொல்லை தாங்காமல் பேசினார்.

"ஒரு ரியாக்டர் வருது. செட்டிங் நீங்களே போடுங்க. தனியா. ஒழுங்கா நின்னுச்சுன்னா ரிலே பிரிவுலயே இருந்துக்கலாம். நிக்கலைன்னா, ஒங்க பழைய நாற்காலி காலியாத்தான் கெடக்கு."

நான் துள்ளிக் குதித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். நாற்காலி பற்றி அவர் சொன்ன பாதி என் காதில் ஏறவே இல்லை.

ரியாக்டர் என்றதும் பயப்பட வேண்டாம். அணு உலை இல்லை. (எங்கள் பெரியப்பா இன்றுவரை நம்பவில்லை. அந்தப் பக்கமாக பஸ்ஸில் போனால் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார்.) நீளமான மின்பாதையில் மின்சாரத்தை இழுக்கிற ஆள் குறைந்துவிட்டால், மறுமுனையில் வோல்டேஜ் தானாக ஏறும். எல்லாக் குழாயையும் அடைத்தால் பைப்பில் அழுத்தம் கூடுமே, ஏறக்குறைய அப்படி. அந்த ஏற்றத்தை இழுத்துக் குடித்து அடக்கி வைக்க, எண்ணெய் நிரப்பிய ஒரு பெரிய இரும்புத் தொட்டியை நிறுத்துவார்கள். அதுதான் ரியாக்டர். கொஞ்சம் வோல்டேஜ் ஏறினால் பொறுத்துக்கொள்வதுதான் அதன் பிழைப்பே. அதனால் அதைக் காக்கிற ரிலேயும் அவசரப்படக் கூடாது. வழக்கமான அளவைவிட இருபது சதவீதம் கூடினால், அதுவும் ஐந்து நொடி பொறுத்துப் பார்த்துவிட்டுத் துண்டிக்கலாம் என்று தலைமை அலுவலகத்திலிருந்து தாள் வந்தது. சதவீதம் அவர்கள் சொல்வார்கள். அதை வோல்ட்டாக மாற்றி ரிலேயில் ஏற்றுவது என் வேலை.

இங்கே ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நாலு லட்சம் வோல்ட்டை ரிலேயிடம் நேரே கொண்டுபோய்க் காட்ட முடியாது. பி.டி. என்ற கருவி அதைச் சின்னதாக்கிக் காட்டும். அந்தச் சின்ன அளவை இரண்டு விதமாகச் சொல்லலாம். வருகிற மூன்று கம்பியில் ஒன்றுக்கும் தரைக்கும் நடுவில் அளந்தால் அறுபத்து மூன்றரை வோல்ட். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் அளந்தால் நூற்றுப்பத்து. இரண்டும் ஒரே மின்சாரம்தான். எந்த ரிலே எந்த விதமாக அளக்கிறது என்று பார்த்துவிட்டு எண்ணைப் போட வேண்டும். முதல் விதம் என்றால் எழுபத்தாறு. இரண்டாவது விதம் என்றால் நூற்று முப்பத்திரண்டு. இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். நான் பார்க்காமல் விட்டதும் இதை மட்டும்தான்.

அந்தத் தாள் என் கைக்கு வந்தது ஒரு சாயங்காலம். என் அம்மா அப்போது எனக்குச் சமைத்துப் போடுவதற்காகப் பொன்னமராவதி பக்கத்து ஊரிலிருந்து வந்து என்னோடு தங்கியிருந்தாள். அம்மாவுக்கு ஒரு பழக்கம். வீட்டுக்குள் புதிதாக எது வந்தாலும் மஞ்சள் குழைத்துப் பொட்டு வைத்துவிடுவாள். குக்கருக்கு வைப்பாள், கேஸ் சிலிண்டருக்கு வைப்பாள். என் லேப்டாப் சார்ஜருக்கு வைத்து, அது இரண்டு நாள் வேலை செய்யாமல் போனதும் உண்டு. காகிதம் என்றால் நாலு மூலைக்கும் நாலு பொட்டு, மேலே குங்குமம். அதுவும் சும்மா தொட்டு வைப்பதில்லை. ரூபாய்க் காசு அகலத்துக்குக் கெட்டியாக அப்புவாள்.

"அம்மா, இதுதான் என் முதல் செட்டிங்" என்று வாசலிலேயே தாளைக் கொடுத்தேன். கை கால் கழுவி, டீ குடித்து முடிப்பதற்குள் அது சாமி படத்துக்குக் கீழே நாலு மூலையும் மங்களகரமாக உட்கார்ந்திருந்தது.

பிறகு அதை எடுத்து இருபது தடவை படித்தேன். ஒரு வரி விடவில்லை. (மூலையில் என்ன இருக்கப் போகிறது? பக்க எண் இருக்கும்.) நான் அதுவரை புத்தகத்தில் பார்த்த பழைய ரிலேக்கள் எல்லாம் கம்பிக்கும் தரைக்கும் அளக்கிறவை. இதுவும் அப்படித்தான் என்று எனக்குள் யாரோ சத்தியம் செய்துவிட்டார்கள். எழுபத்தாறு என்று போட்டேன்.

சோதனையும் செய்தேன். அந்த நிலையத்தில் கருப்பையா அண்ணன் என்று ஒரு போர்மேன் இருந்தார். ரியாக்டருக்கும் பி.டி.க்கும் கம்பி இழுத்துக் கட்டியதெல்லாம் அவர்தான். சோதனைப் பெட்டியிலிருந்து ரிலேக்கு ஒரே ஒரு கம்பியில் மட்டும் வோல்டேஜ் கொடுத்தோம். எழுபத்தைந்தில் சும்மா இருந்தது. எழுபத்தாறில் ஐந்து நொடி பொறுத்துத் துண்டித்தது. எனக்குப் புல்லரித்தது.

கருப்பையா அண்ணன் தலையைச் சொறிந்தார். "மேடம், மூணு கம்பிக்கும் ஒண்ணாக் குடுத்து, நார்மல் வோல்டேஜுல சும்மா நிக்கிதான்னு ஒரு தடவ பாத்துருவமா?"

"அண்ணே, எழுபத்தஞ்சுல நிக்கிது. எழுபத்தாறுல விழுகுது. இதுக்கு மேல என்னத்தப் பாக்கணுங்குறீங்க?"

கொஞ்சம் சூடாகத்தான் சொன்னேன். அவர் "சரிங்க மேடம்" என்று சோதனை முடிந்ததாக எழுதிக்கொண்டார். வைத்த எண்ணில் வேலை செய்கிறதா என்று பார்த்தேனே தவிர, வைத்த எண்ணே சரிதானா என்று பார்க்கவில்லை. அன்றைக்கு அவர் சொன்னபடி ஐந்து நிமிஷம் செலவழித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

புதன்கிழமை வந்தது. புதுக் கருவிக்கு முதல் முதலாக மின்சாரம் கொடுப்பது எங்கள் ஆட்களுக்குக் கிட்டத்தட்டக் கிரகப்பிரவேசம். ரியாக்டருக்குப் பெரிய மாலை, பூசணிக்காய், எலுமிச்சம்பழம், சூடம் எல்லாம் தயார். சர்க்கரைப் பொங்கல் என் அம்மாவின் பொறுப்பு. பெரிய அலுமினியப் பானையோடு துறை ஜீப்பில் வந்து இறங்கினாள். மகள் முதல் முதலாகக் கையெழுத்துப் போட்ட வேலை என்பதால் பட்டுச்சேலை வேறு. செட்டிங் தாளைப் பூஜைத் தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்தோம். சண்முகம் சார் ஒரே ஒரு உத்தரவு போட்டார்.

"ரியாக்டர் நின்ன பொறகுதான் பொங்கல்."

பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம். ஒரு மணி வரைக்கும்தான் சென்னையிலிருந்து அனுமதி. பத்தரைக்கு ஆரம்பித்தோம். பூசணிக்காய் உடைந்தது. கட்டுப்பாட்டு அறையில் இருபது பேர். வாசல் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில், பொங்கல் பானைக்குக் காவலாக அம்மா. சண்முகம் சார் தலையசைத்தார். சுவிட்சைத் திருப்பினார்கள்.

வெளியே ரியாக்டர் "ம்ம்ம்" என்று கனமாக முனக ஆரம்பித்தது. அந்தச் சத்தம் என் வயிற்றுக்குள் கேட்டது. யாரோ உற்சாகத்தில் எண்ணினார்கள். ஒண்ணு, ரெண்டு, மூணு. கைதட்டல் ஆரம்பித்தது. நாலு. நான் அம்மாவைப் பார்த்துச் சிரித்தேன். அஞ்சு.

டமார்.

ரிலே சொல்லி, பிரேக்கர் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டது. கைதட்டிய கைகள் அப்படியே நின்றன. அந்த அமைதியில் அம்மாவின் குரல் மட்டும் கேட்டது.

"அம்புட்டுத்தானா? முடிஞ்சுருச்சா? சத்தம் நல்லாத்தான் இருந்துச்சு. பொங்கல எடுக்கவா?"

நான் ரிலேயிடம் ஓடினேன். துண்டித்த நேரத்தில் எத்தனை வோல்ட் இருந்தது என்று அதுவே திரையில் காட்டும். நூற்றுப்பத்து என்று காட்டியது. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"பாருங்க சார்! அறுபத்து மூணு இருக்க வேண்டிய எடத்துல நூத்திப்பத்து! பி.டி.யில கம்பிய மாத்திக் கட்டிருக்காங்க. ரிலே சரியாத்தான் வேல செஞ்சுருக்கு!"

சொல்லிவிட்டுக் கருப்பையா அண்ணனைப் பார்த்து, இருபது பேர் முன்னால், "கம்பி கட்டத் தெரியாட்டி கேக்க வேண்டியதுதானண்ணே?" என்றேன். அவர் எனக்குப் பதினைந்து வயது மூத்தவர். ரியாக்டர் பக்கத்துக் கம்பிகளைத் தரையோடு இணைத்துப் பத்திரப்படுத்திவிட்டு, கொதிக்கிற வெயிலில், ஜல்லிக் கல்லில் நடந்து போய், பி.டி. பெட்டியைத் திறந்து ஒவ்வொரு கம்பியாக இழுத்துப் பார்த்தார். திரும்பி வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

"கம்பியெல்லாம் சரியா இருக்குங்க மேடம்."

"இருக்காது. மறுபடி சார்ஜ் பண்ணுவோம். நீங்க மீட்டரோட ரிலேகிட்ட நில்லுங்க."

இரண்டாவது தடவை. முனகல். ஒண்ணு, ரெண்டு, மூணு. (இந்தத் தடவை கைதட்டல் இல்லை.) கருப்பையா அண்ணன் ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுத் தரையோடு அளந்து கத்தினார். "அறுபத்து மூணரை மேடம்! மூணுலயும் அதேதான்!" அஞ்சு. டமார்.

"ஒங்க மீட்டர்ல பேட்டரி இருக்கா?" என்று கேட்டேன். இதை எழுதும்போது என் காது இப்போதும் சுடுகிறது. அவர் போய்ப் புதுப் பேட்டரி வாங்கிவரச் சொல்லிப் போட்டார். இதற்கிடையில் யாரோ திருஷ்டி என்று சொல்ல, இன்னொரு பூசணிக்காயும் உடைந்தது. அம்மா பொங்கல் பானையைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடினாள்.

மூன்றாவது தடவை நானே என் மீட்டரோடு நின்றேன். என் மீட்டரும் அறுபத்து மூன்றரை என்றது. ரிலே நூற்றுப்பத்து என்றது. அஞ்சு. டமார். எண்ணுகிற ஆட்கள் இப்போது "டமார்" என்பதையும் சேர்த்தே சொன்னார்கள்.

சண்முகம் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குரலை உயர்த்தவே இல்லை.

"மணி பதினொன்னேகால். பன்னெண்டுக்குள்ள முடியலைன்னா நான் திருச்சியிலேருந்து வேற ஆளக் கூப்பிடணும்மா."

வேற ஆள். அந்த இரண்டு வார்த்தையில் என் பழைய நாற்காலி, அதன் பிய்ந்த ரெக்சின், மேலே சுற்றுகிற மின்விசிறி எல்லாம் கண்முன் வந்து நின்றன. பயமாக இருந்தது. எனக்குப் பயம் வந்தால் அழுகை வராது, கோபம்தான் வரும். யார் மேல் காட்டலாம் என்று பார்த்தேன். பி.டி. சரி, மீட்டர் சரி, கருப்பையா அண்ணன் சரி. மிச்சம் இருந்தது ரிலே ஒன்றுதான். ரிலே செய்த கம்பெனிக்குப் போன் போட்டேன்.

எடுத்தது ஒரு சர்வீஸ் இன்ஜினியர். பாவம், அவர் செய்த ஒரே தப்பு போனை எடுத்தது. இருபது பேர் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டுத் திட்டினேன். "ஒங்க ரிலே பொய் சொல்லுது, பொட்டிய வந்து தூக்கிட்டுப் போங்க" என்றேன். "நீங்கல்லாம் என்னத்தப் படிச்சீங்க" என்றேன். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது மெதுவாக ஆரம்பித்தார்.

"மேடம், அந்த மாடல் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவுல அளக்குறதுங்க. நூத்திப்பத்துதான் அதுக்கு நார்மல். ஒங்க ஆபீஸ் செட்டிங் தாள்ல வழக்கமா வலது பக்கம், கீழ் மூலையில குறிப்பு இருக்குமே?"

"அப்படி ஒரு குறிப்பும் கெடையாது! நான் இருபது தடவ படிச்சிருக்கேன்!"

"இன்னொரு தடவ பாத்துருங்க மேடம்."

பூஜைத் தட்டிலிருந்து தாளை வெடுக்கென்று உருவினேன். வலது பக்கம், கீழ் மூலை. அங்கே குறிப்பு இல்லை. ரூபாய்க் காசு அகலத்தில் மஞ்சள், மேலே குங்குமம்.

"என்னத்தா தேடுற?" என்று அம்மா எழுந்து வந்தாள்.

"மூலையில ஏதோ எழுத்து இருக்காம்மா."

"ஆமா, இருந்துச்சே. பொடிப்பொடியா, எறும்பு மாதிரி. சாமி காரியத்துக்கு அழுக்குத் தாளாக் குடுத்துருக்கானுகளேன்னு, அதுமேல மட்டும் இன்னுங் கொஞ்சம் கெட்டியா வச்சேன்."

சொல்லிக்கொண்டே தாளை என் கையிலிருந்து வாங்கி, பெருவிரல் நகத்தால் பொட்டைச் சுரண்டி, பட்டுச்சேலை முந்தானையால் துடைத்தாள். மஞ்சள் கறைக்குள்ளிருந்து இங்கிலீஷில் ஒரு வரி வெளியே வந்தது. அளவு முறை: கம்பிக்கும் கம்பிக்கும்.

மீட்டர் சொன்னதும் உண்மை, ரிலே சொன்னதும் உண்மை. நூற்றுப்பத்தில் நிம்மதியாக இருக்க வேண்டிய ரிலேயிடம், எழுபத்தாறைத் தாண்டினாலே ஆபத்து என்று நான் சொல்லி வைத்திருக்கிறேன். ஒன்றுமே நடக்காதபோது அது மூன்று தடவை பதறித் துண்டித்திருக்கிறது. போனில் அந்தப் பிள்ளை, "மேடம்? லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தது. நான் போனை வைத்துவிட்டேன். (இல்லை, நீங்கள் நினைக்கிற மாதிரி பின்னாளில் அவரை நான் கட்டிக்கொள்ளவில்லை. அவருக்கு அப்போதே இரண்டு பிள்ளைகள். மன்னிப்புக் கேட்கப் போன் செய்தபோது தெரிந்துகொண்டேன்.)

அடுத்து ஒரு வேலை பாக்கி இருந்தது. ஒவ்வொரு தடவை துண்டித்ததற்கும் காரணத்தைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதாமல் அடுத்த தடவை மின்சாரம் கொடுக்க முடியாது. சண்முகம் சார் பதிவேட்டை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கருப்பையா அண்ணன் கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தினார். "பி.டி. பொட்டியில ஒரு கம்பி லூசா இருந்துச்சு, முறுக்கி விட்டாச்சுன்னு எழுதிருங்க மேடம். கட்டுனது நாந்தானே. யாரு போயி பாக்கப் போறா? எனக்கு இதுல ஒண்ணும் கொறஞ்சு போயிறாது."

இந்தப் பக்கம் அம்மா. "சார், மஞ்ச வச்சது நானுங்க. எம்பேர எழுதிக்குங்க. அவளுக்கு ஒண்ணுந் தெரியாது."

(என் தரப்பு வக்கீல் சொன்னதில் கடைசி வாக்கியம் மட்டும் உண்மை.)

நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அரை நிமிஷம் யோசித்தேன். "கம்பி லூஸ்" என்று எழுதினால் நாற்காலி தப்பிக்கும். காலையிலிருந்து நான் யாரைப் பிடித்து உலுக்கினேனோ அந்த மனுஷனே அந்தப் பொய்யைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். அவர் சட்டை இன்னும் காயவில்லை. அதைப் பார்த்துவிட்டேன். பார்க்காமல் இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பேனோ, எனக்கே தெரியாது.

எழுதினேன். "ரிலே செட்டிங் தவறு. அளவு முறையைச் சரிபார்க்காமல் 132க்குப் பதிலாக 76 வோல்ட் வைத்தது நான். பி.டி.யிலும் கம்பி இணைப்பிலும் குறை ஏதும் இல்லை." கையெழுத்து கோணலாக விழுந்தது. பிறகு அந்த இருபது பேர் முன்னாலேயே, "அண்ணே, தப்பு என்னோடது. ஒங்கள வெயில்ல அலைய விட்டேன். பேசக் கூடாததெல்லாம் பேசிட்டேன்" என்றேன்.

"விடுங்க மேடம்" என்றார் கருப்பையா அண்ணன். "மீட்டருக்குப் புதுப் பேட்டரி கெடச்சுச்சுல்ல."

எண்ணை நூற்று முப்பத்திரண்டாக மாற்றினேன். இந்தத் தடவை அவர் கேட்காமலேயே, மூன்று கம்பிக்கும் ஒன்றாகக் கொடுத்து, நார்மல் வோல்டேஜில் நிற்கிறதா என்று பார்த்தோம். நின்றது. மணி பதினொன்று ஐம்பத்தாறுக்கு நாலாவது தடவை சுவிட்சைத் திருப்பினார்கள்.

ம்ம்ம் என்ற முனகல். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. எல்லாரும் தோளைக் குறுக்கிக்கொண்டார்கள். ஆறு. ஏழு. யாரும் கைதட்டவில்லை, பயம். எண்ணிக்கொண்டே போனார்கள். நாற்பதைத் தாண்டியதும் சண்முகம் சார் திரும்பினார்.

"போதும்யா. பொங்கலக் குடுங்க."

பொங்கல் இறுகிப்போய்க் கரண்டியால் வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. ஆனாலும் பானை காலி.

சண்முகம் சார் அதற்குப் பிறகு என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நின்றது நாலாவது தடவை. அது ஒழுங்காக நின்ற கணக்கில் வருமா வராதா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியமில்லை. பத்து நாள் தபால் வரும்போதெல்லாம் மாற்றல் உத்தரவோ என்று முதல் ஆளாக ஓடிப்போய்ப் பார்த்தேன். டவுன் அலுவலகத்துக்குக் கொண்டுபோக என் டீ கப்பைக்கூடக் கழுவித் துடைத்துப் பையில் வைத்துவிட்டேன்.

பதினோராம் நாள் காலையில் என் மேஜைமேல் ஒரு தாள் கிடந்தது. அடுத்த ரியாக்டருக்கான செட்டிங் தாள். மேலே சண்முகம் சார் கையெழுத்தில் என் பெயர், அவ்வளவுதான். முதல் வேலையாக நாலு மூலையையும் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. ஒவ்வொரு எழுத்தும் தெரிந்தது. ஏதோ தோன்றித் தாளைத் திருப்பினேன். பின்பக்கம் நாலு மூலையிலும் மஞ்சள் பொட்டு, மேலே குங்குமம். கருப்பையா அண்ணன் வேலை. அன்று நான் பழைய பேட்டரிகள் வைத்திருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதேன். ரிலே பிரிவில் நான் இருக்கலாம் என்பதற்கு எனக்கு வந்த உத்தரவு அதுதான். இன்றைக்கும் எங்கள் பக்கம் செட்டிங் தாளுக்குப் பொட்டு பின்பக்கம்தான்.

வீட்டில் எனக்கு "எழுபத்தாறு" என்று பட்டப்பெயர் வந்தது. சாம்பாரில் உப்புக் குறைந்ததற்கு நான் குரலை உயர்த்தினால் என் கணவர், "எழுபத்தாறு தாண்டிருச்சு" என்று தட்டோடு எழுந்து போகிறார். என் மகள் விரல் விட்டு அஞ்சு வரை எண்ணி, "டமார்" என்கிறாள். இதற்கெல்லாம் பழகிவிட்டேன்.

பழக முடியாதது என் கல்யாணப் பத்திரிகை. கட்டுக் கட்டாக அச்சாகி வந்ததும் அம்மா மஞ்சளைக் குழைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு பத்திரிகையாகத் திருப்பி, பின்பக்கம் பொட்டு வைத்தாள். பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"இது என்ன புது வழக்கம்? பத்திரிகைக்கு முன்னாடி வைக்கிறதா, பின்னாடி வைக்கிறதா?"

"முன்னாடி வச்சா எழுத்து மறைஞ்சு போகுதுல்ல" என்றாள் அம்மா. "எம்மக ஒருநாளு பட்டது போதும்."

அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அந்தப் புதன்கிழமையைப் பற்றி அம்மா அதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. தன்னால்தான் என்று இத்தனை நாளும் உள்ளுக்குள் வைத்திருந்திருக்கிறாள்.

போன மாதம் என் தம்பி கட்டிய புதுவீட்டுக்குக் கிரகப்பிரவேசம். பத்திரிகைக்குப் பொட்டு வைக்க ஆவுடையார்கோவிலிலிருந்து வந்த தம்பி மனைவி உட்கார்ந்தாள். முன்பக்கம் கையைக் கொண்டுபோனவளை அம்மா தடுத்து, பத்திரிகையைத் திருப்பிக் கொடுத்தாள்.

"எங்க வீட்ல முன்னாடிதான் வைப்பாங்க அத்தே" என்றது அந்தப் பெண். "இங்கிட்டு இதுதான் வழக்கமா?"

"ஆமாத்தா" என்றாள் அம்மா, என்னைத் திரும்பியும் பார்க்காமல். "நம்ம வகையறாவுல ஆதியிலேருந்தே பின்னாடிதான்."

நான் வாயைத் திறந்தேன். பிறகு ஐந்து வரை எண்ணிவிட்டு, ஒரு பத்திரிகையை எடுத்துத் திருப்பி வைத்துக்கொண்டேன்.